மொட்டைப் பூனையின் எண்

என் தங்கையின் கணவர் நேஷனாலிட்டி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் என்று சொல்லப் புதுச்சேரியில் அந்த ஒரு சொல் போதும், எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணமாகித் தங்கை பிரான்சுக்குக் கிளம்பியபோது தன் வெள்ளைப் பெர்சியன் பூனையையும் கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டாள். அதற்குச் சிப் போட வேண்டும், வெறிநோய் ஊசி போட வேண்டும், இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவளுக்கு விசா சீக்கிரம் வந்துவிட்டது. பூனைக்குச் சிப் போட்டதோடு சரி, நாள் கூடவில்லை. ஆகவே அது முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கிளம்பும்போது, இது உன்னிடம் அமானிதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். அதைத் தொலைத்தவளுக்கு மன்னிப்பு சுலபத்தில் கிடையாது.

எனக்குப் பூனை பிடிக்காது. சோபாவில் முடி, சோற்றில் முடி. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பதால் எங்களுக்குள் சண்டை இல்லாமல் காலம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை வாசலில் நின்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரோடு வாதாடிவிட்டு உள்ளே திரும்பினால், பூனையைக் காணோம். ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் அதைத் துண்டில் சுற்றித் தூக்கிப் போனதை எதிர்த் தையல்கடைக்காரர் பார்த்திருக்கிறார். எங்கள் சொந்தக்காரர்கள் என்று நினைத்தாராம்.

நான் பதறவில்லை. சிப்தான் இருக்கிறதே, போனைத் தட்டினால் பூனை எந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிவிடும் என்று நம்பினேன். சிப் போட்ட கால்நடை மருத்துவரிடம் போனதும்தான் விஷயம் விளங்கியது. அது அரிசி அளவுதானாம். தோள்பட்டைக்கு மேல் ஒரு கருவியைக் காட்டினால் அதில் உள்ள எண் தெரியும். மற்றபடி அது ஊமை. கருவியைக் காட்ட முதலில் பூனை வேண்டும். பூனை இருந்தால் உங்களிடம் நான் ஏன் வரப்போகிறேன் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். போலீசில் அந்த எண்ணைக் கொடுத்தபோது, அது கழுத்தில் தொங்குமா என்று கேட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வெயில் முற்றியிருந்த ஒரு நாள் நெல்லித்தோப்பில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு வீட்டு மதில்மேல் பூனை ஒன்றைப் பார்த்தேன். தலையிலும் வால் நுனியிலும் மட்டும் வெள்ளை முடி. மற்றபடி உரித்த கோழி மாதிரி மொட்டை. எங்கள் பூனை என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முடிதான். அதை எடுத்துவிட்டால் எதை வைத்து அடையாளம் சொல்வது? ஆனால் கண் அதே தேன் நிறம். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அலட்சியமும் அதேதான்.

கதவைத் திறந்தவர் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பூனையை ஒரு புரோக்கரிடம் வாங்கியதாகவும், முடி சிக்குப் பிடித்துப் புண்ணாகிவிட்டதால் மழித்துவிட்டதாகவும் சொன்னார். திருட்டுப் பூனை என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். சிப் என்றேன், போலீஸ் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. உள்ளே போய் ஒரு கண் மருந்தை எடுத்து வந்தார்.

"காலைல ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டு. எடுத்துட்டுப் போங்க. நம்பர பாத்துட்டு எனக்கும் ஒரு வார்த்த சொல்லிடுங்க."

திருட்டுப் பொருள் வாங்கியவர் இப்படியா பேசுவார்? கோபம் இறங்கி அந்த இடத்தில் குழப்பம் ஏறிக்கொண்டது.

அன்று மாலை வீடியோ காலில் தங்கைக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதேதான் என்று சொல்லிவிட்டு அழுதாள். பூனையும் அவள் குரலுக்குக் காதைத் திருப்பியது. எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் மருத்துவர் கருவியைக் காட்டியதும் எண் வந்தது. என் போனில் இருந்த எண்ணோடு ஒன்றாகவே ஓடிக் கடைசி இலக்கங்களில் பிரிந்துவிட்டது. உடம்புக்குள்ளேயே இருந்தால் எண் மாறிவிடுமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் இன்னொரு முறை காட்டினார். அதே எண். கணினியிலும் தேடிப் பார்த்தார். யாரும் அதைத் தங்கள் பெயரில் பதிந்து வைத்திருக்கவில்லை. யாரோ ஆசையாகச் சிப் போட்டுவிட்டு, பெயர் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இது என் பூனை இல்லை. நர்ஸம்மா காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அவருடையது என்றும் சொல்ல முடியாது. யாருடையது என்று சொல்ல வேண்டிய சிப், யாருடையது இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. கணக்குப் பார்த்தால், தெருவே கேட்கக் கத்தி அடுத்தவர் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான் ஒருத்திதான்.

நேரே நெல்லித்தோப்புக்குப் போனேன். வெட்கமாக இருந்தது. கூடையைத் திறந்ததும் பூனை நர்ஸம்மாவின் தோளில் ஏறிக்கொண்டது. சொந்தக்காரர் எப்போது வந்தாலும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அப்புறம், உங்கள் பூனை என்னவாயிற்று என்று கேட்டார். அதுவும் இதே ஊரில் யார் மடியிலாவது இருக்கலாம். அவர்கள் சந்தேகப்பட்டு, கருவி உள்ள இடத்துக்குத் தூக்கிப் போனால்தான் என் தங்கையின் பெயர் வெளியே வரும். மடியில் படுத்திருக்கும் பூனைமேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

அந்தத் தெருமுனையில் நின்றே தங்கைக்குப் போன் செய்தேன். எண் பொருந்தவில்லை என்றேன். மெஷின் சரியில்லை என்பாள், அமானிதம் என்று சொல்லிக் குத்திக் காட்டுவாள் என்று மனத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு.

"நேத்து பாத்தப்பவே தெரியும்கா, அது நம்பளது இல்லன்னு. பரவால்ல. அதுக்கே ஊசி போட்டு அனுப்பிடு. இங்க நாள் முழுக்க பேச்சு குடுக்க ஒருத்தரும் இல்ல."

பூனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறேன் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.