அந்த மே மாதத்து வேலைப் பட்டியல்

கம்பிரசர் அறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்தத் தாள். இடப்பக்கம் திகதி, வலப்பக்கம் பெயர், சில நாட்களின் கீழே சிவப்புப் பென்சிலால் ஒரு சிறு கோடு. வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஐஸ் தொழிற்சாலையில் நான் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்த காலம் முழுவதும் அதை மாதந்தோறும் எழுதி ஒட்டியவர் எங்கள் வேலை மேற்பார்வையாளரான போர்மன். மாதம் முடிந்ததும் பழைய தாளைக் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் சேர்த்து வைப்பேன். திகதி போட்ட எந்தக் காகிதத்தையும் எறிய எனக்கு மனம் வராது.

இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கசிந்தால் ஆபத்தான அமோனியா ஓடும் அறை என்பதால் வேலை தெரிந்த ஆள் ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த அறையின் சாவி மூன்று பேரிடம் இருந்தது. ஒருவர் போர்மன், கத்தோலிக்கர். இன்னொருவர் ஓட்டமாவடியைச் சேர்ந்த ஒப்பரேட்டர், முஸ்லிம்; அங்கே அண்ணனை அழைப்பதுபோல் எங்கள் இருவருக்கும் காக்கா. மூன்றாவது, அவசரத்துக்கு இயந்திரம் பார்க்கப் பழகியிருந்த நான், சைவன். சிவப்புக் கோடு போட்ட நாள் எங்களில் ஒருவருடைய விசேட நாள். அன்று, நோன்பு நாளென்றால் மாலையில் மட்டும், அவர் வரக்கூடாது, மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள். யாரும் லீவு கேட்டு நின்றதில்லை. ஆடி அமாவாசைக்கு நான் அமிர்தகழிக்குத் தீர்த்தமாடப் போவேன், காக்கா நிற்பார். "உங்கட சாமி குளத்தில தீர்த்தமாடுது, நான் இங்க உப்புத் தண்ணித் தொட்டிக்க கிடந்து காயிறன்" என்பார். நோன்பு காலத்தில் மாலை வேளையைப் போர்மன் எடுத்துக்கொள்வார். "காக்கா, நோம்பு உங்களுக்கு, பசி எனக்கா? கஞ்சி எங்க?" என்று கேட்க, மறுநாள் தூக்குச்சட்டி வந்துவிடும். பெருநாளில் நாங்கள் இருவரும். கிறிஸ்து பிறந்த நத்தாரிலும் ஈஸ்டரிலும் காக்கா.

இதை வைத்து அவர்கள் எல்லா மதமும் ஒன்று என்று நம்பியவர்கள் என யாரும் எண்ண வேண்டாம். போர்மனுக்குத் தன் வேதம்தான் உண்மை. என்னை ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லிப் பல தடவை கேட்டிருக்கிறார். காக்காவுக்கோ எங்கள் இருவரின் முடிவிலும் சந்தேகமே இல்லை. "ரெண்டு பேருக்கும் நரகம்தான். அங்க ஐஸ் பெக்டரியும் இல்ல, என்ன செய்யப் போறீங்களோ" என்று கவலைப்படுவார். பின்னாளில் நான் எத்தனையோ நல்லிணக்கக் கூட்டங்களில் இருந்திருக்கிறேன். நான்கு மதத்துப் பெரியவர்களும் ஒரே விளக்கை ஏற்றி, நான்கு மதமும் சொல்வது ஒன்றே என்பார்கள். அப்படி ஒன்றாகிவிட்டால் ஒருவருக்காக மற்றவர் நிற்க வேண்டிய தேவைதான் என்ன?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. வழக்கம்போல் காக்கா வேலையில், போர்மன் பூசையில். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சபைக்கு ஆராதனைக்குப் போயிருந்த போர்மனின் தங்கை மகள், குண்டு வெடித்ததில் தோளில் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்று செய்தி வந்தது. ஊரடங்கு, சோதனை, அடைத்த கடைகள். வெள்ளிக்கிழமை முதலாளி எங்கள் மூவரையும் கம்பிரசர் அறையோடு ஒட்டியிருந்த தன் கந்தோர் அறைக்கு அழைத்தார். அவரும் என்னைப் போல் சைவர், கெட்ட மனிதரல்ல.

"காக்காவோட எனக்குக் கோவமில்ல. சனம் கதைக்குது. அண்டைக்கு போர்மன்ர முறையை இவர் ஏன் எடுத்தவர், முன்னமே தெரியுமோ எண்டு கேக்குறாங்க. அமோனியா அறைச் சாவி இவரிட்ட இருக்கிறதும் சரியில்லையாம். மே மாசப் பட்டியல்ல இவர்ர பேர் வேணாம்."

காக்கா சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

எனக்கு இது நிரூபிக்கக்கூடிய விடயமாகத் தெரிந்தது. களஞ்சியத்துக்கு ஓடிப்போய்க் கோப்பை எடுத்து வந்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு நேரே காக்காவின் பெயர், போர்மனின் கையெழுத்தில். முதலாளி முன் விரிக்கப் போனபோது போர்மன் என் கையிலிருந்து கோப்பைப் பறித்தார்.

"என்னத்துக்கு இத காட்டுறீங்க? இண்டைக்கு இத காட்டினா, மறுகா ஒவ்வொரு நாளும் இவர் ஒவ்வொரு கடதாசி காட்டோணும். நீங்களோ நானோ என்ன காட்டினம் இங்க வேலைக்கு வர?"

"உங்கட மருமகள் படுக்கையில கிடக்கிறாள். உங்கட பக்கம் நிண்டுதான் கதைக்கிறன்" என்றார் முதலாளி.

"அவள இதுக்குள்ள இழுக்காதீங்க முதலாளி."

போர்மன் தன் சாவியை எடுத்துக் காக்காவின் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கை உடனே சட்டைப்பைக்குள் போகவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். எவ்வளவு நேரம் தாமதித்தேன் என்று நான் குறித்து வைக்கவில்லை. நான் குறித்து வைக்காத சில விடயங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வைத்தேன்.

"மூண்டு பேரும் போனா மிசினை ஆர் பாக்கிற?" என்றார் முதலாளி.

"நம்பிக்கையான ஆள் ஆரும் இருந்தா கூட்டி வாங்க. வரும் வரைக்கும் நிப்பம், மறுகா மூண்டு பேரும் போறம்" என்றார் போர்மன்.

சுவருக்கு அப்பால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி மூன்று சாவிகளையும் கையால் எங்கள் பக்கம் தள்ளினார். மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. மே மாதத்துப் பட்டியலில் காக்காவின் பெயர் இருந்தது, நோன்பு நாட்களின் கீழே சிவப்புக் கோட்டோடு. ஐஸ் ஏற்ற வந்த யாரோ அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் போனார்கள். போர்மன் அதை இன்னும் பெரிய எழுத்தில் திரும்ப எழுதி, இந்த முறை கதவின் வெளிப்பக்கத்தில் ஒட்டினார். அடுத்த ஈஸ்டர் கொரோனா ஊரடங்கில் கழிந்தது. அதற்கடுத்த ஈஸ்டரில் வேலையில் நின்றவர் காக்கா.

போர்மன் சென்ற மாசியில் காலமானார். அவருடைய பங்குக் கோயிலின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். மேலே உள்ளதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அச்சுப்படி திரும்பி வந்தபோது மேலே 'மன்னித்த மனிதர்' என்று புதிதாக ஒரு தலைப்பு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போனேன். காக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தலைப்பை வாசித்தார்.

"ஆரை மன்னிச்சாராம்?"

"உங்களை எண்டுதான் நினைக்கிறாங்க."

"நான் என்ன செஞ்சன்?"

கேலி, பகிடி விடாத காக்காவை நான் பார்த்த நாட்கள் குறைவு. அவர் தாளை மடித்து என்னிடம் தந்தார். "கேட்டுச் சொல்லுங்க, நான் என்ன செஞ்சனெண்டு."

கேட்டேன். "நல்ல சொல்லுத்தானே அண்ணே, வாசிக்கிற ஆக்களுக்கு மனசில படும்" என்றார் மலர்க்குழுத் தம்பி. கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். மலர் அது இல்லாமலே வெளிவந்தது. இது அந்தக் கட்டுரை. தலைப்பு என்னுடையது.