மாமனார் ஊருக்கு ஒரு கப்பி ரோடு

சர்க்காரிடம் ரோடு கேட்டு மனு எழுதுவது ஒரு உத்தியோகம். பதிலுக்குக் காத்திருப்பது இன்னொரு உத்தியோகம். சம்பளம் மட்டும் ஒன்றுதான். உத்திரமேரூரில் பஞ்சாயத்து யூனியன் வந்த புதிதில் நான் அங்கே ரோடு குமாஸ்தா. உங்களில் யாராவது ஜல்லிக்காக மனு எழுதியிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்து அழலாம்.

ஆடிக்குப் போனவள்

கல்யாணமான முதல் ஆடியில், வழக்கப்படி, என் மனைவி கமலாவை அவள் அப்பா அழைத்துப் போனார். மாகறலுக்கு அப்பால் சின்னக் கிராமம். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் வண்டிப் பாதை. மழை பெய்தால் முழங்கால் சேறு. போகிற வழியில் வண்டி குடைசாய்ந்து, கமலா பட்டுப் புடவையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். ஆவணியில் நான் அழைத்து வரப் போனபோது உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான மாமனார்தான் பதில் சொன்னார்: "ரோடு போட்ற ஆபீசுல தானே மாப்ள குந்திக்கினு கீறீங்க? எங்க ஊருக்கு பஸ்ஸு வரட்டும், பொண்ணு அதுல வந்து எறங்கும்."

முதல் மனு

அன்று எழுதிய மாதிரி நான் பிறகு எழுதியதே இல்லை. நெல் மூட்டை வாலாஜாபாத் மில்லுக்குப் போக முடியவில்லை, பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை என்று ஆரம்பித்து, 'புதிதாய் மணமானவர்கள் பிரிந்து வாடுகிறார்கள், சோறு இறங்கவில்லை' என்று முடித்திருந்தேன். ஹெட்கிளார்க் அந்தக் கடைசி வரியைச் சிவப்பு மசியால் அடித்துவிட்டுச் சொன்னார்: "மனுவுல ஜனங்க அழலாம் தம்பி, குமாஸ்தா அழப்படாது."

வாழைமர வரவேற்பு

பாதையைப் பார்வையிட ஓவர்சியர் வருவதாகக் கடிதம் வந்தது. அவர் பள்ளத்தைப் பார்த்து எழுதினால்தான் சர்க்கார் பணம் தரும். மாமனார் என்ன செய்தார் தெரியுமா? பெரிய மனுஷர் வருகிறார் என்று ஊரையே கூட்டி, ஏரி மண் கொட்டிப் பள்ளத்தையெல்லாம் மூடி, தண்ணீர் தெளித்து, வாழைமரம் கட்டிவிட்டார். ஓவர்சியர் ஜீப்பிலேயே தூங்கிப் போனாராம். 'பாதை நல்ல நிலையில் உள்ளது' என்று மனு திரும்பி வந்தது.

தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளில் போய் மாமனாரைக் கேட்டேன். கோபம் அவருக்குத்தான் வந்தது. "வூட்டுக்கு வர்ற மனுசன குழியில தள்ளணும்ன்றீங்களா?"

வண்டிக் கணக்கு

இரண்டாவது மனுவுக்கு, தினம் எத்தனை வண்டி போகிறது என்று கேட்டார்கள். அதே ஓவர்சியர் காலையிலிருந்து புளியமரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்தார். ஊரில் இருந்ததே ஆறு வண்டி. மாமனார் அந்த ஆறையும் ஏரிக்கரை வழியாகச் சுற்றிச் சுற்றி ஓட்டவிட்டார். சாயங்காலம் நான் பயந்துகொண்டே போய்க் கேட்டபோது ஓவர்சியர் நோட்டை மூடினார். "ஒத்தைக் கொம்பு மாடு ஒண்ணு ஒன்பதாவது தரமா என்னைப் பாத்துட்டுப் போவுது. இப்ப நின்னு தலையாட்டிட்டு வேற போவுது."

ஜீப் இறங்கியது

மனு செத்தது என்று நினைத்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க வண்டி ஓட்டி உழுதுபோட்ட பாதையில் ஜீப் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. மூன்று நாள் விடாத மழை. மூன்று நாளும் ஓவர்சியருக்கு மாமனார் வீட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும். நானும் அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எனக்கென்ன கஷ்டம், கமலா இருந்தாள். நாலாம் நாள் அந்த ஒத்தைக் கொம்பு மாடும் அதன் ஜோடியும் ஜீப்பை இழுத்து வெளியே விட்டன. ஏறி உட்கார்ந்த ஓவர்சியர் சொன்னார்: "எனக்கும் பொண்டாட்டி கீறா சார். நாளைக்கே எழுதிடறேன்."

பஸ் வந்தது

எழுதினார், பணம் வந்தது, கப்பி ரோடு வந்தது. அதற்கு முந்தியே மகன் பிறந்துவிட்டான். அந்த மூன்று நாள் மழையைச் சொல்லவேண்டும். கடைசியில் பஸ்ஸும் வந்தது, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சொன்ன சொல் தவறாமல் மாமனார் முதல் பஸ்ஸிலேயே கமலாவையும் பிள்ளையையும் அனுப்பினார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எட்டாம் நாள், குழம்பில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கமலா கரண்டியைக் கீழே வைத்தாள். "அஞ்சரைக்கு பஸ்ஸு கீது. பாத்துப் பேசுங்க."

இத்தனை மனு எழுதியவனுக்கு, வருவதற்குக் கேட்ட ரோட்டில் போகவும் முடியும் என்பது மட்டும் கடைசிவரை தோன்றவேயில்லை.