கண்டம் விலகும் பாடம்

வரலாறு நடத்துபவருக்கு ராஜாக்கள் இருக்கிறார்கள், கணக்கு நடத்துபவருக்குக் குறுக்குவழி இருக்கிறது; போட்டித் தேர்வுக்குப் புவியியல் நடத்துபவனுக்குக் கல்லும் மண்ணும்தான். மதுரை தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் பதினோரு வருடமாக அந்தக் கல்லையும் மண்ணையும் வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. பாதிப் பேருக்குக் கல்யாணமாகிவிட்டது, இரண்டு பேருக்கு நரைத்தே விட்டது. எனக்கு இந்த வேலை நன்றாக வரும், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் கண்டங்கள் பிளக்கிற பாடம் வந்தால் மட்டும் வகுப்பு என் கையை மீறிவிடும். கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகிய உங்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

எந்த ராசிக்கு?

படிக்கட்டின் கீழே அறிவிப்புப் பலகையில் ‘ஞாயிறு: கண்டப் பெயர்ச்சி, முழு நாள்’ என்று எழுதி வைத்திருந்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் மூச்சு வாங்க மாடியேறி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் ஆதார் நகல்.

“அண்ணே, துலாம் ராசிக்கு எப்டி இருக்கு?” என்றார். இது குருப்பெயர்ச்சி இல்லை, நாம் நிற்கிற நிலமே நகர்வதைப் பற்றிய பாடம் என்று விளக்கினேன். எவ்வளவு வேகம் என்று கேட்டார். நம் விரல் நகம் வளர்கிற வேகம்தான், ஒரு கடல் உண்டாகக் கோடிக்கணக்கான வருடம் ஆகும் என்றேன். கொஞ்ச நேரம் தன் நகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்பச் சனியே தேவலண்ணே. ரெண்டரை வருசத்துல கெளம்பிருவாரு.”

பன்னுக்குள் கடல்

பிளவுப் பள்ளத்தாக்கைப் படம் போட்டு விளக்கினால் கொட்டாவிதான் வரும். அதனால் டீக்கடையில் ஒரு ஜாம் பன் வாங்கி வருவேன். இரண்டு பக்கமும் பிடித்து, அவசரப்படாமல் இழுக்க வேண்டும். முதலில் மேல்தோல் மெலிந்து விரிசல் விடும். பிறகு நடுப்பகுதி கீழே அமுங்கும். கிழக்கு ஆப்பிரிக்கா இப்போது இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. இன்னும் இழுத்தால் அடியிலிருந்து ஜாம் மேலே வரும். பூமியில் அது பாறைக்குழம்பு, ஆறி இறுகிக் கடல்தரையாகும். தாழ்ந்த அந்த இடத்துக்குள் வெளியிலிருந்து கடல் வந்துவிடும். இதை நடத்தி முடித்ததும் ஒரு வரி சொல்லி, அடிக்கோடு போடச் சொல்வேன்: ‘நடுவில் தண்ணீர் புகுந்துவிட்டால் கண்டம் விலகிவிட்டது என்று பொருள்.’

ஒரு வருடம் இந்த வரியைச் சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டவர் கோமதி. வில்லாபுரத்திலிருந்து பஸ் பிடித்து, வைகையைத் தாண்டி வருவார். போன தேர்வில் மயிரிழையில் விட்டவர். ‘இந்த ஒரு தடவைதான், அப்புறம் புத்தகத்தை மூடிரணும்’ என்ற நிபந்தனையோடு வீட்டில் அனுப்பியிருந்தார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, பிய்ந்த பன்னைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்த கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: “மாப்ள, கடல் ஒழுகுது, துடை.”

ஒரு பாகப்பிரிவினை

உள்ளூர்க் கதையாகச் சொன்னால் மனதில் நிற்கும் என்பது என் கொள்கை. ஒரு காலத்தில் நம் கிழக்குப் பக்கத்தோடு அண்டார்க்டிகா ஒட்டிக்கொண்டிருந்தது. நம் பக்கத்துப் பாறைக்கு மடகாஸ்கரில் இன்றும் சொந்தக்காரப் பாறைகள் இருக்கின்றன. கிழக்கே நிலம் இழுபட்டபோது நீளநீளமான பள்ளங்கள் விழுந்தன. பின்னால் வந்த ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து அவற்றை நிரப்பின. மதுரையில் பாறையாகத் தெரிகிற பூமி, ராமநாதபுரம் போகப் போகத் தட்டையாகிவிடுவது அதனால்தான். வைகை கிழக்கே போவதும் அந்தச் சரிவில்தான்.

முன்வரிசையில் சண்முகம் கையைத் தூக்கினார். கோர்ட் பக்கம் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்ப்பவர். பிரிந்துபோனது அவர்களா, நாமா என்று கேட்டார். இரண்டு பேரும்தான் என்றேன். அவருக்கு மனசு ஆறவில்லை. “அண்ணந்தம்பி பிரிஞ்சா நடுவுல ஒரு சந்து விடுவாக. இவுக கடலையே விட்டுருக்காக சார்.”

தண்ணியில கண்டம்

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோமதி வருவது நின்றது. நாலாம் நாள் அவருடைய மாமியார் மாடியேறி வந்தார். ஜோசியர் பார்த்தாராம். கோமதிக்கு இந்த மாதம் முடிகிறவரை தண்ணீரில் கண்டமாம், ஆற்றைத் தாண்டக் கூடாதாம். தேர்வு மையமோ ஆனையூரில், ஆற்றுக்கு வடக்கே. நீங்கள் மட்டும் தாண்டி வந்திருக்கிறீர்களே என்றேன். “எஞ்சாதகம் கெட்டி சார்” என்றார்.

வைகையில் தண்ணீர் எங்கே இருக்கிறது, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்றேன். இல்லாதது வரும் என்றார். ஜாதகக் கண்டமெல்லாம் வெறும் பேச்சு, அப்படி ஒன்றே கிடையாது என்று பேச்சுத்திறமை முழுவதையும் காட்டினேன். அவர் எனக்குப் பின்னால் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ‘பிளவுறும் கண்டம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இது வேறு கண்டம், நிலம் என்று அர்த்தம் என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. இந்தத் தடவை கோமதி தேறுவார் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. படியிறங்கும்போது மாமியார் சொல்லிவிட்டுப் போனார்: “போர்டுல அம்புட்டுப் பெருசா கண்டம்னு எழுதி வச்சுக்கிட்டு, எங்கிட்ட மட்டும் அப்டி ஒண்ணே இல்லேங்கறீக.”

கேட் சாத்தும் நேரம்

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் அணையைத் திறந்துவிட்டார்கள். வைகையில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர், தரைப்பாலத்தை மூடிவிட்டார்கள். சரி, கோமதி கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் தேர்வன்று காலை ஆனையூர் மையத்து வாசலில் போய் நின்றேன். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். எட்டு ஐம்பத்தைந்துக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் இறங்கினார். கோமதியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி கேட் வரை கூட்டிப்போய், அங்கேதான் விட்டார். கோமதி ஹால் டிக்கெட்டை நீட்டிவிட்டு உள்ளே ஓடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எப்படி மனசு மாறியது என்று கேட்டேன். மாமியார் மஞ்சப்பையிலிருந்து கோமதியின் நோட்டை எடுத்துக் காட்டினார். தண்ணீர் வந்த அன்றே மருமகள் அதை இவர் முன்னால் பிரித்து வைத்துவிட்டாராம். நான் சொன்ன அதே வரி, சிவப்பு மையில் இரண்டு அடிக்கோட்டோடு. இது அந்தக் கண்டம் இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். கேட் இன்னும் திறந்துதான் இருந்தது. பாடம் நடத்த ஆரம்பித்ததிலிருந்து முதல் முறையாக ஒரு தப்பைத் திருத்தாமல் வாயை மூடிக்கொண்டேன். அவர் நோட்டைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். “பெரிய பாலத்துல வரும்போது நானே எட்டிப் பாத்தேன் சார். நடுவுல தண்ணி போகுது. நீங்க எழுதச் சொன்ன மாதிரியே கண்டம் வெலகிருச்சு.”

கோமதி இப்போது தினமும் ஆற்றைத் தாண்டி இதே தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்கு வருகிறார், நானும் கண்டம் விலகக் கோடிக்கணக்கான வருடம் ஆகும் என்றுதான் இன்றும் நடத்துகிறேன், வில்லாபுரத்திலிருந்து ஆனையூர் வருகிற முக்கால் மணி நேரத்தில் ஒன்று விலகியதை மட்டும் பாடத்தில் சேர்ப்பதில்லை.