காற்றில்லாத நாளில் ஒரு பட்டம்

அந்தக் கடற்கரைக்கு அலையில் சறுக்க வருபவர்கள் எல்லாரும் அவளைக் 'காத்தக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கடல்பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு மர அறை. அதுதான் அவள் அலுவலகம். காலை ஆறு மணிக்குப் பாலத்தின் கடைசிவரை நடந்துபோய், கையிலிருக்கும் காற்றுமானியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பாள். பாலத்துத் தூணில் அலை எதுவரை ஏறுகிறது என்று பத்து அலைகளுக்குப் பார்ப்பாள். திரும்பி வந்து கரும்பலகையில் எழுதுவாள்: அலை இடுப்பளவு, காற்று தென்மேற்கு, பாலத்துக்கு வடக்கே நீரின் இழுப்பு அதிகம்.

காற்று அடங்கினால் சறுக்குப்பலகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பெரிய பட்டத்தை இடுப்புப்பட்டையில் மாட்டிக்கொண்டு நீரில் பறக்கிறவர்களுக்கோ காற்றில்லையென்றால் வேலையே இல்லை. இரண்டு கூட்டமும் அவள் எழுத்தை நம்பித்தான் இறங்கும்.

இத்தனைக்கும் அவளுக்கு நீச்சல் தெரியாது. யாராவது கிண்டல் செய்தால், "மழை வரும்னு சொல்றவரு மேகத்துல ஏறியா பாத்துட்டு வராரு?" என்பாள்.

பருவம் முடிகிற சமயம். அன்று காற்றுமானி பூஜ்யத்திலேயே நின்றது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது, நீர்மேல் தாழ்வாகப் பனிமூட்டம். 'காற்று இல்லை' என்று எழுதிவிட்டு உட்கார்ந்தாள். பத்து மணிவாக்கில், பக்கத்துக் கொட்டகையில் உடைந்த பலகைகளுக்கு ஒட்டுப்போடும் அவள் கணவர், கையெல்லாம் தூசியோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் வெளியே வா."

பாலத்தின் முனைக்கு அப்பால், உயரத்தில் ஒரு சிவப்புப் பட்டம் விறைத்து நின்றது. அறையின் மேலிருந்த கொடி துவண்டு தொங்கியது. பட்டத்தின் கயிறுகள் சாய்ந்து இறங்கிப் பனிக்குள் மறைந்தன.

"இன்னைக்கு யாரு இறங்கினது?" என்று கேட்டார்.

"மூணு பேரு பலகையோட போனாங்க. மூணு பேரும் அப்பவே ஏறிட்டாங்க. பட்டம் யாருமே எடுக்கலைங்க."

இருவரும் முனைவரை நடந்தார்கள். அவள் ஒலிபெருக்கியை எடுத்தாள். "சிவப்புப் பட்டம்! கரைக்கு வாங்க!"

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவர் திரும்புவதுபோல் பட்டம் மெல்லத் திரும்பியது. நேராகப் பாலத்தை நோக்கி வந்தது. தலைக்கு மேல் வந்ததும் காற்றுப்போன பைபோலச் சுருங்கிப் பலகைத்தரையில் விழுந்தது. கயிறுகள் பாலத்தின் கைப்பிடிக் கம்பியைத் தாண்டி நீருக்குள் போயின.

அவர் இழுத்தார். "ஆள் கனம் இருக்கு. புடி, புடி!"

அவளும் பிடித்தாள். நாலைந்து முறை இழுத்ததும் கனம் சட்டென்று விட்டுப்போயிற்று. இருவரும் பின்னால் சாய்ந்தார்கள். மேலே வந்தது ஓர் இடுப்புப்பட்டை மட்டும். அதன் கொக்கி யாரும் கழற்றாமல் மாட்டியபடியே இருந்தது. அவள் உட்புறம் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

கடலோரக் காவலர்கள் மூன்று நாள் தேடினார்கள். அக்கம்பக்கக் கரைகளில் எல்லாம் விசாரித்தார்கள். காணாமல் போனவர் என்று ஒருவரும் இல்லை.

"எங்கேயோ அறுந்து, தானா பறந்து வந்திருக்கும்மா," என்றார் அதிகாரி.

"காத்தே இல்லாம எப்படி சார் பறக்கும்?"

அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு கிளம்பினார்.

அதன்பின் காற்றில்லாத நாளில் யாரையும் இறங்கவிடாமல் சிவப்புக் கொடி ஏற்றினாள் அவள். சறுக்குப் பயிற்சி கொடுப்பவன் சண்டைக்கு வந்தான். "அக்கா, கடல் கண்ணாடி மாதிரி இருக்கு. வாரம் பூரா இதுக்குத்தானே காத்துக் கெடந்தோம்!"

"தெரியும் தம்பி. ஆனாலும் வேணாம்."

அவன் கேட்கவில்லை, ஆட்களோடு இறங்கினான், எல்லாரும் பத்திரமாக ஏறினார்கள். ஒரு மாதத்தில் அவளும் கொடியை மடித்து வைத்துவிட்டாள். ஆனால் காற்றில்லாத நாட்களில் கடைசி ஆள் கரையேறும்வரை பாலத்து முனையை விட்டு நகரமாட்டாள். யாரையாவது திரும்பி வரச் சொல்ல வேண்டுமென்றால் மஞ்சள் துணியை ஆட்டுவாள்.

"இவ்வளவு தூரத்துல துணி யாருக்குத் தெரியும்? மைக்குல கூப்பிட வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"கூப்பிட்டா அது வருதுங்க," என்றாள்.

அவர் ஒலிபெருக்கியை எடுத்துப்போய்த் தன் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்.