மருந்துக்கடை முன்னால் நிற்கும் வண்டி

எங்கள் பள்ளி வேன் டிரைவருக்கு வாயைத் திறப்பதென்றால் சொத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி. ஹாரன் அடிக்கக்கூட யோசிப்பார். பிள்ளைகளை ஏற்றி இறக்க அதே வண்டியில் போகும் எனக்கோ வாய் சும்மா இருக்காது. அவர் பேசாததையும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். அவர்களுக்கு அவர் டிரைவர் மாமா, நான் வண்டி அக்கா.

இந்த வருடம் வண்டியில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் பெற்றோர் போனில் தெரியும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். மழையில் கால்கடுக்க நின்ற அம்மாக்கள் இப்போது வண்டி தெருமுனைக்கு வந்த பிறகுதான் வீட்டை விட்டு இறங்குகிறார்கள். "எங்க வர்றீங்கன்னு யாரும் போன் பண்றதில்ல, நிம்மதியா ஓட்டலாம்" என்றார் டிரைவர் அண்ணன். அவரைப் பொறுத்தவரை அது பெரிய சொற்பொழிவு.

சிக்கல் மருந்துக்கடையில் வந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குச் சிறுநீரை அடக்க முடியாத தொந்தரவு. வைத்தியம் நடக்கிறது. ஒருமுறை சீட்டிலேயே போய்விட்டு, வீடு வரைக்கும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவள் அம்மா எங்கள் இருவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். "வெளிய தெரிஞ்சா கேலி பண்ணியே கொன்னுடுவாங்க. அப்புறம் இவ பள்ளிக்கூடம் பக்கமே போக மாட்டா" என்று கண் கலங்கினாள். அன்றிலிருந்து மாலையில் வண்டி மருந்துக்கடை முன்னால் நிற்கும். "மாத்திரை வாங்கணும், துணைக்கு வாடி" என்று அவளை நான் கூட்டிக்கொண்டு போவேன். கடைக்காரர் மனைவி பின்பக்கக் கழிப்பறையைத் திறந்துவிடுவார். டிரைவர் மற்ற பிள்ளைகளோடு வண்டியிலேயே இருப்பார்.

போனில் அது வெறும் சிவப்புப் புள்ளி. தினமும் அதே இடத்தில் நின்றால் பெற்றோர் விடுவார்களா? சிகரெட் பிடிக்க நிறுத்துகிறார் என்றார் ஒருவர். யாரையோ பார்க்கப் போகிறார் என்று அதற்குக் கண் காது மூக்கு வைத்தார் இன்னொருவர். எல்லோரையும் கிளப்பிவிட்டவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அவர் மகள் மூன்றாம் வகுப்பு, எங்கள் வண்டிதான். "வண்டிக்குள்ள கேமரா வைங்க, இல்லாட்டி டிரைவரை மாத்துங்க" என்று தலைமையாசிரியையிடம் சண்டைக்குப் போய்விட்டார். கேமரா வந்தால் அந்தக் குழந்தை தவித்து இறங்குவது எல்லார் போனிலும் ஓடும். வேண்டாமென்றால் அண்ணன் பிழைப்பு போகும்.

சனிக்கிழமை கூட்டம் போட்டார்கள். "நான் போட்டு உடைச்சிடறேன் அண்ணே" என்றேன் வாசலில்.

"உடைச்சா அந்தப் பிள்ளை திங்கட்கிழமை வண்டியில ஏறாது. நீ சும்மா இரு தங்கச்சி."

சும்மா இருப்பதா, நானா! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தையின் அம்மா கடைசி வரிசையில் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அண்ணன் எழுந்தார். முகத்தில் பயமே இல்லை. "ஆமா, தினமும் நிறுத்தறேன். இனிமேலும் நிறுத்துவேன். வண்டி எங்க இருக்குன்னு தாராளமா பாருங்க, அது உங்க பிள்ளைங்க போற வண்டி. ஆனா ஒரு குழந்தையோட சொந்த விஷயத்தை எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டணும்னா, அந்த வண்டியை நான் ஓட்ட மாட்டேன். அந்தக் குழந்தை வீட்டுக்குத் தெரியும். அது போதும்."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஜவுளிக்கடைக்காரர் விடவில்லை. கூட வந்திருந்த மகளைப் பார்த்து, "நீ சொல்லும்மா, எதுக்கு அங்க நிக்குது?" என்றார்.

மாத்திரை வாங்க என்றுதான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தெரியும்பா. ஆனா சொல்ல மாட்டேன். வண்டியில எல்லாருக்கும் தெரியும். யாரும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம். அவ பாவம்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மாத்திரை நாடகத்தை ஒரு பிள்ளைகூட நம்பவில்லை. கேலியும் செய்யவில்லை, ஒரு வீட்டிலும் மூச்சு விடவுமில்லை.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. "நிறுத்தச் சொன்னது நான்தான். என் பொண்ணுக்காக" என்றாள் அந்த அம்மா. இப்போது தலை நிமிர்ந்திருந்தது.

"என்ன காரணம்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

ஜவுளிக்கடைக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வேண்டாம் மேடம், கேக்காதீங்க. கேமராவும் வேண்டாம்" என்றார்.