என் பேரில் இருந்த கடன்

புலம்பெயர்ந்து வந்த டண்டினொங் நகரில் தனியாக இருக்க எனக்கு ஒரு சின்ன வீடு கிடைத்தது. பிரிட்ஜ் ஒன்றைத் தவணைக்கு எடுக்கக் கடைக்குப் போனேன். என் கடன் பதிவு சரியில்லை, தர முடியாது என்றார்கள். வெட்கத்தோடு சமூக நிலையத்துக்குப் போய், கடன் ஆலோசனை சொல்லும் தமிழ்ப் பிள்ளையிடம் விசயத்தைச் சொன்னேன். என் பேரில் உள்ள கடன்களைக் காட்டும் அறிக்கையைக் காசில்லாமல் எடுக்கலாம் என்று அவளே எடுத்துத் தந்தாள்.

"அன்ரி, உங்கட பேரில லோன் ஒண்டு கட்டாமல் கிடக்கு."

"நான் பாங்கில பென்சன் எடுக்கிறதோட சரி, பிள்ளை."

அதிலிருந்த விலாசம் மகனுடையது. என் பாஸ்போர்ட்டும் அடையாள அட்டைகளும் அவன் வீட்டில்தான் இருந்தன. பத்திரங்களை மகனிடம் கொடுத்து வைப்பதுதானே எங்கள் வழக்கம். அவனுக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் அம்மா, என்ர பேரில தரமாட்டினம், அதுதான் உங்கட பேரில எடுத்தனான். நீங்கள் இனி லோன் எடுத்து என்ன செய்யப் போறீங்கள்?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

பேசாமல் இருந்தால் கட்டாத கடன் என்ற பதிவு என் பேரில் ஐந்து வருடம் கிடக்கும் என்றாள் அந்த ஆலோசனைப் பிள்ளை. நான் எடுக்கவில்லை என்று முறைப்பாடு செய்தால் சட்டப்படி விசாரித்துத் திருத்துவார்களாம். ஆனால், எடுத்தது யார் என்றும் கேட்பார்களாம்.

சில நாள் யோசித்தேன். பிறகு போய் முறைப்பாடு செய்து, மகனின் பேரைச் சொன்னேன்.

பதிவை நீக்கிவிட்டார்கள். மகன் பேசுவதில்லை. பெற்ற பிள்ளையையே காட்டிக்கொடுத்தவள் என்று சனம் கதைக்கிறது. என்னிடம் கேட்டிருந்தால் சந்தோசமாகக் கையெழுத்து வைத்திருப்பேன். கேட்கவே தேவையில்லாத ஒருத்தியாக அவன் என்னை நினைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.