நேராகிவிட்ட தூண்டில்

எழுபதுகளில் ஆவடி டாங்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில், மூங்கிலில் தூண்டில் கழி செய்துதரும் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். பீரங்கிக் குழலைச் சோதிப்பதுபோல் எதையும் ஒற்றைக் கண்ணை மூடித்தான் பார்ப்பார். சந்தையில் வாங்கும் முருங்கைக்காயைக்கூட.

மாமனாருக்குத் தெரியாமல் எடுத்துப்போய் நான் முறித்துவிட்ட அவருடைய கழியை ஃபிட்டரிடம் கொடுத்தேன். உள்ளே குச்சி செருகி, நூல் சுற்றி, வார்னிஷ் பூசித் தந்தார். முறிந்த இடம் எனக்கே தெரியவில்லை. மாமனாரோ கையில் எடுத்ததுமே, "இது என்னுது இல்லையே, என்னுது கோணலா இருக்கும்" என்றார்.

ஃபிட்டரிடம் ஓடினேன்.

"இன்னா நைனா, கோணல்தான் வோணும்னு மொதல்லியே சொல்லக் கூடாதா? நெருப்புல வாட்டி நிமித்திட்டேனே!" என்றவர், ஒற்றைக் கண்ணை மூடி என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பெருமூச்சு விட்டார். உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து கண்ணாடி முன் நானும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறேன். கோணல் எங்கே என்றுதான் தெரியவில்லை.